இரண்டு விரல் தளர்வு

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் புஷ்பபாயைத் தேடி வருகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பயனில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகவேண்டும். அங்கே தகரக் கொட்டகையில், நான்கு குண்டு டயர்களின் மேல் நிற்கும் ஒரு வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்திருப்பாள். ஓட்டுவதற்கல்ல. அதில் சாவிகூட இருக்காது. மடியில் முறம், முறத்தில் பயற்றங்காயோ முருங்கைக்கீரையோ. கீழே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அவளுடைய கணவர் விஜயதாஸ் ஒருக்களித்துப் படுத்திருப்பார். கையில் பதினாலாம் நம்பர் ஸ்பானர்.

"ஆடாம இரி."

"ஆடல்ல. பயறு முத்தலு, நாரு உரிய மாட்டேங்குது."

"பயற அப்புறம் உரி."

"அப்புறம்னா உங்களுக்குச் சோறும் அப்புறந்தான்."

அதோடு விஜயதாஸ் போல்ட்டுக்குத் திரும்பிவிடுவார். ஆறு வருடமாக இந்த உரையாடல் ஏறக்குறைய இப்படியேதான் நடந்துவந்தது. காய் மட்டும் மாறும்.

வண்டிகள் ஆறும் அனந்தகிருஷ்ணனுடையவை. நெய்யாற்றின்கரையில் தாத்தா காலத்தில் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்த சைவக் குடும்பம். பேரனுக்குக் கச்சேரியில் உட்காரப் பொறுமையில்லை. பொழியூர் கடற்கரையில், பூவாருக்குப் படகு சவாரி வருகிறவர்களைக் குறிவைத்து, மணலில் ஓட்டும் ஏ.டி.வி. வண்டிகளை வாங்கி விட்டிருந்தார். கடற்கரைக்காரர்கள் அதற்கு நண்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் ஓட்ட, மனைவி பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்த, ஆறு நண்டுகளும் அலையோரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாரமும் அவை பிக்கப் வண்டியில் இரண்டிரண்டாக ஏறி, உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் விஜயதாஸின் கொட்டகைக்கு வரும். உப்பும் மணலும் தின்ற செயினைக் கழுவி, இறுக்கம் பார்த்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை.

உட்கார ஆள் எதற்கு என்றால், காரணம் எளியதுதான். எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போவது ஒரு செயின் வழியாக. சைக்கிளில் இருப்பதுபோலத்தான், கொஞ்சம் பருமன் கூடுதல். ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கும்போது பின் அச்சு எஞ்சினை விட்டுச் சற்றே விலகி, செயினை இழுக்கும். ஆகவே வெறும் வண்டியில் சரியாக இருக்கிற செயின், ஆள் ஏறினால் விறைத்துவிடும். விறைத்த செயின் மணலில் ஓடினால் ஒன்று, தானே அறும், அல்லது பல்சக்கரத்தைத் தின்னும்.

முதல் வருடம் விஜயதாஸுக்கு இது தெரியாது. ஸ்கூட்டர் மெக்கானிக்காகவே இருபது வருடம் இருந்தவர். வண்டியோடு வந்த புத்தகம் பாதி சீனமும் பாதி இங்கிலீஷும். ஆனால் அதில் ஒரு படம் இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். கீழே செயினுக்கு ஓர் அம்புக்குறி. விஜயதாஸ் அந்தப் படத்தை அரைமணி நேரம் பார்த்தார். அப்போது புஷ்பபாய் டீ கொண்டுவந்தாள்.

"எடியே, இதுல ஒண்ணு ஏறி இரி."

"நானா?"

"ஒனக்குப் பின்னால வேற யாரு நிக்கா?"

ஏறி உட்கார்ந்தாள். கீழ்ச்செயினை அவர் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். விறைத்த கம்பி போல நின்றது. அச்சைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை நகர்த்தும் திருகாணியை இரண்டு சுற்றுத் திருப்பி, செயின் இரண்டு விரல் கனத்துக்கு ஏறி இறங்கும்படி வைத்தார். அன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு செயினும் அறவில்லை.

புஷ்பபாய் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கொல்லங்கோட்டில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. எழுத்துகளைப் பால் சங்கத்தின் பேரேட்டில்தான் கற்றாள். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சங்கத்தில் பால் அளக்கிறாள். காலை ஐந்தரைக்கு ஒருமுறை, மாலை மூன்றுக்கு ஒருமுறை. மாடு வைத்திருப்பவர்கள் வரிசையாகத் தூக்குப்பாத்திரத்தோடு நிற்பார்கள். அவள் ஊற்றுகிற கை இம்மியும் நடுங்காது. "புஷ்பபாயி நொரைய அளக்க மாட்டா" என்று ஊரில் சொல்வார்கள். சிலர் புகழ்ச்சியாக, தண்ணீர் கலக்குகிறவர்கள் ஏச்சாக.

அந்தக் காலத்தில் அவளுடைய எடை எண்பத்தெட்டு கிலோ. அதை ஒளிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. சங்கத்தில் தீவன மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். வண்டியில் உட்காருகிற விஷயம் பரவியதும் சங்கத்துக்குப் பால் கொண்டுவரும் தங்கபாய் அவளுக்கு, தராசில் வைக்கிற எடைக்கல்லை நினைத்து, 'படிக்கல்லு' என்று பெயர் வைத்தாள். "படிக்கல்லு இன்னைக்கு வண்டியில ஏறலியா, வியாழனாச்சே?" என்று கேட்பாள். புஷ்பபாயும் சிரித்துவிடுவாள். ஒரு பல்சக்கரம் பிழைக்கத் தன் உடம்பு பயன்படுகிறது என்பதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது.

போன வருடம் சர்க்கரை வந்தது. தாலுக்கா ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்னப் பெண். சீட்டைப் பார்த்துவிட்டு, "சேச்சி, மருந்து நான் தரலாம். நடக்கறது சேச்சிதான் நடக்கணும்" என்றாள். புஷ்பபாய் அளவை மதிக்கிறவள். நடக்கச் சொன்னது நாலு கிலோமீட்டர் என்றால் நாலு கிலோமீட்டர். மாலைப் பால் முடிந்ததும் தங்கபாயையும் இழுத்துக்கொண்டு ரயில்பாதை ஓரமாக நடந்தாள். ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பார்க்காமல் இருக்கப் பழகினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. தங்கபாய் மூன்றாவது மாதம் முட்டுவலி என்று நின்றுவிட்டாள். புஷ்பபாய் நிற்கவில்லை.

பத்து மாதத்தில் எழுபத்தொன்று.

தையல்காரி பிந்து ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துத் தைத்து, கடைசியில் "இனி துணி மிச்சமில்ல அக்கா, புதுசு எடுங்க" என்றாள். பஸ் கண்டக்டர், தெரியாத ஆளென்று நினைத்துச் சில்லறை கேட்டார். கோழிக்கோட்டில் நர்ஸாக இருக்கும் மகள் அஸ்வதி வீடியோ காலில் வந்து, "அம்மா, கன்னம் எங்க போச்சு?" என்றாள்.

விஜயதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் அவர் சொல்லுவார் என்று காத்திருந்தாள். பிறகு எப்போது சொல்லுவார் என்று காத்திருந்தாள். அப்புறம் அது ஒரு வைராக்கியமாகிவிட்டது. அவராகக் கண்டு சொல்கிறவரை நான் வாய் திறக்கமாட்டேன். மகளையும் எச்சரித்தாள்: "அப்பாக்கிட்ட நீ சொல்லாதே. கண்ணிருந்தா பாக்கட்டு." விஜயதாஸைச் சொல்லியும் குற்றமில்லை. தினமும் பார்க்கிற சுவர் காரை உதிர்ந்தால் யாருக்குத் தெரிகிறது. வியாழக்கிழமைகளில் அவளுக்கு ஓரடி தள்ளித்தான் அவர் படுத்திருந்தார் என்றாலும், பார்வை முழுக்கச் செயின் மேல்.

சித்திரை கடைசியில் மூன்றாம் நம்பர் வண்டியின் செயின் அறுந்தது. ஆனியில் ஐந்தாம் நம்பர். அதில் அறுந்த முனை சுழன்று எஞ்சின் உறையில் அடித்து ஒரு விரிசலும் விட்டது. ஓட்டிக்கொண்டிருந்த புதுமணத் தம்பதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலிருந்து மணலில் நடந்து வந்ததில் பெண்ணின் செருப்பு மட்டும் போயிற்று.

விஜயதாஸ் முதலில் மணலைக் குறை சொன்னார். கடல் ஏறி வந்து கரை குறுகிவிட்டதில் வண்டிகள் ஈர மணலில் ஓடுகின்றன என்றார். பிறகு செயின் கம்பெனியைச் சொன்னார். பிறகு ஓட்டுகிறவர்களை. ஆவணியில் இரண்டாம் நம்பரும் அறுந்தபோது குறை சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வாரம் அனந்தகிருஷ்ணன் நேரில் வந்தார். மரியாதைக்காரர். காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். புஷ்பபாய் கொடுத்த மோரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஆசானே, ஓணத்துக்குப் பத்து நாள் கூட்டம். ரெண்டு ரிசார்ட்டுகாரங்க ஆள் அனுப்பறேன்னிருக்காங்க. அதுக்கு நடுவில ஒரு செயின் போச்சுன்னா எனக்கு மானக்கேடு."

"போகாது சார்."

"நீங்க போன மாசமும் இதுதான் சொன்னீங்க." அதைச் சொல்லும்போதும் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "திருவனந்தபுரத்தில ஒரு சர்வீஸ் கம்பெனி. ஆறு வண்டியையும் வருஷக் கணக்கில ஏத்துக்கறேன்னு சொல்றாங்க. சனிக்கிழமை காலையில அவங்க ஆள் கடற்கரைக்கு வந்து வண்டியைப் பாப்பார். அவர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு ஒரு முடிவு எடுக்கணும். நீங்களும் வாங்க. உங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

அவர் போனபிறகு விஜயதாஸ் காலி டம்ளரை எடுத்து அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் வேலை இப்போது கொட்டகைக்கு வருவதில்லை. புது வண்டியெல்லாம் ஷோரூமுக்குப் போகிறது. கரண்டு வண்டிக்கு அவரிடம் வேலையே இல்லை. இந்த ஆறு நண்டும் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொருவர் பட்டறையில் போய் நிற்கவேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை விஜயதாஸ் விரலை நம்பவில்லை. இரும்பு அளவுகோல் வைத்துப் பார்த்தார். புஷ்பபாய் உட்கார, ஒவ்வொரு வண்டிக்கும் முப்பது மில்லிமீட்டர், மயிரிழை பிசகாமல். நான்கு வண்டிகள் கடற்கரைக்குப் போயாயிற்று. கடைசி இரண்டை எடுத்துப்போக மதியம் ஜித்தின் வந்தான். கடற்கரையில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவன், பொழியூர்க்காரன், முப்பது வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. பிக்கப்பில் பலகை சாய்த்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஏற்றுவதற்கு முன் யாரிடமோ போனில் பேச ஆரம்பித்தான்.

புஷ்பபாய் தரையில் சிதறிய பயறைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று பின்சக்கரத்துக்கு உள்ளே உருண்டு கிடந்தது. கையை நீட்டி எடுக்கும்போது புறங்கை செயினில் இடித்தது.

ஆடவில்லை.

அவள் பயறை விட்டுவிட்டுச் செயினை விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். அரை விரல்கூட ஏறவில்லை.

"ஜித்தினு, ஒண்ணு எறங்கு."

"என்னக்கா?"

"எறங்கு மக்கா."

அவன் இறங்கினான். செயின் தளர்ந்து தொங்கியது. "இனி ஏறு" என்றாள். ஏறினான். விறைத்தது. ஜித்தின் போனில் "ஒண்ணுமில்ல, இஞ்ச அக்கா என்னவோ வெளையாடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பால் அளப்பவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். படிக்கல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த கல்லை வைத்து எத்தனை நுணுக்கமாக நிறுத்தாலும் நிறுவை தப்புத்தான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற கோபம்.

சோறு போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"என்னை ஒண்ணு பாருங்க."

விஜயதாஸ் பார்த்தார். "என்ன?"

"என்ன மாறியிருக்கு?"

அவர் ஜாக்கிரதையாகப் பார்த்தார். இருபத்து நாலு வருட அனுபவத்தில் இது ஆபத்தான கேள்வி என்று தெரிந்தது. "கம்மல் மாத்தினியா?"

"இல்ல."

"கண்ணாடி?"

"நான் கண்ணாடியே போடமாட்டேன்."

"அப்ப நீயே சொல்லு. எனக்கு வேலை கெடக்கு."

"எண்பத்தெட்டு கிலோ இருந்தேன். இப்ப எழுபத்தொண்ணு ஆக்கும்."

விஜயதாஸின் கை சோற்றில் நின்றது. அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பதினேழு கிலோ என்று உதடு அசைந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் புஷ்பபாய் கண்டாள். அந்த ஒரு நொடி அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது.

"அதாக்கும் செயின் முறியிது" என்றார்.

அவள் சாம்பார்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இரண்டாம் முறை குழம்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பால் முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் பொழியூருக்குப் போனார்கள். ஆறு வண்டிகளும் தார்ப்பாய்க் கூரைக்கடியில் வரிசையாக நின்றன. ஜித்தின் அப்போதுதான் அவற்றைக் கழுவி முடித்திருந்தான். பக்கத்தில் வலை கோத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயதாஸ் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாக்கில் மணலை அள்ளி, மீன் நிறுக்கும் தொங்கு தராசை வலைக்காரர்களிடம் வாங்கி, சரியாகப் பதினேழு கிலோ நிறுத்துக் கட்டினார். கட்டி முடித்துப் புஷ்பபாயிடம் நீட்டினார்.

"இத மடியில வச்சிட்டு இரி. பழைய கணக்கு சரியாயிரும்."

புஷ்பபாய் மூட்டையைப் பார்த்தாள்.

"அத நடந்து எறக்க எனக்குப் பத்து மாசம் ஆச்சு. மரச்சீனி தின்னாம எறக்கினதாக்கும். திரும்ப மடியில வைக்க மாட்டேன்."

"செத்த நேரத்துக்குத்தானே."

"செத்த நேரத்துக்கும் மாட்டேன்."

"அப்ப யாரு இரிப்பா?"

"ஏன், எப்பளும் நான்தான் இரிக்கணுமா? வண்டியில ஏறி ஓடுதது நானா? ரெண்டு பேரு ஏறுதாவ. ரெண்டு பேரு இருங்க. நீங்களும் ஜித்தினும்."

"நான் மேல இருந்தா கீழ வேலை யாரு செய்யது?"

அவள் சேலை முந்தியை இடுப்பில் இழுத்துச் செருகினாள். ஸ்பானரை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அவருடைய சாக்கை வாங்கி மணலில் விரித்தாள். வலைக்காரர்களில் ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டார்.

"அக்கா, அண்ணன வண்டியில ஏத்தி வச்சு எங்க கொண்டு போறிய?"

"கொல்லங்கோட்டுக்கு. எங்கம்மக்கிட்ட திருப்பிக் குடுத்துரலாம்னு."

ஜித்தின் முன்னால், விஜயதாஸ் பின்னால். வண்டி ஒரு முனகலோடு அமுங்கியது. புஷ்பபாய் ஒருக்களித்துப் படுத்தாள். ஆறு வருடம் மேலிருந்து குனிந்து பார்த்த வேலை, கீழிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. முதல் போல்ட் அசையவில்லை.

"மறுபக்கம் திருப்பு" என்றார் விஜயதாஸ்.

"எனக்குத் தெரியும். ஆடாம இரிங்க."

"நான் ஆடல்ல. இவன் போன் பாக்கான்."

"எலே ஜித்தினு, போன வச்சிட்டு நேரா இரி."

போல்ட் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. நான்கையும் தளர்த்தி, திருகாணியை அரைச்சுற்று, இன்னொரு அரைச்சுற்று திருப்பினாள். அச்சு முன்னால் நகர்ந்தது. செயினில் உயிர் வந்தது. விஜயதாஸ் குனிந்து பார்க்க முயன்றார். "ரெண்டு வெரலு இருக்கா?"

"யாருக்க வெரலு? உங்க வெரலு வாழக்கா, எனக்க வெரலு அப்பிடியா?" ஜாக்கெட்டுத் துணி அளப்பதற்கு வைத்திருந்த டேப்பைப் பையிலிருந்து எடுத்தாள். செயினைக் கீழே இழுத்து ஒரு புள்ளி, மேலே தள்ளி ஒரு புள்ளி. "இருபத்தாறு. இன்னும் வேணும்."

மூன்றாவது வண்டிக்கு வந்தபோது விஜயதாஸ் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டார். ஐந்தாவதுக்கு வந்தபோது ஜித்தினோடு மத்தி விலை பேசிக்கொண்டிருந்தார். ஆறும் முடிய மதியம் ஒன்றரை ஆயிற்று. புஷ்பபாய் எழுந்தபோது முதுகு முழுக்க மணல், இடது முழங்கையில் கிரீஸ். மூன்று மணிப் பாலுக்கு நேரமாகிறது என்று அவள் அவசரப்பட்டாள். விஜயதாஸ் ஒவ்வொரு வண்டியாகப் போய் நான்கு போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். இருபத்து நாலில் ஒன்றுகூட அவருக்குக் கால்சுற்று மிச்சம் வைத்திருக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அனந்தகிருஷ்ணன் வந்தார். கூடவே கம்பெனி ஆள். பெயர் ஜெயச்சந்திரன். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நல்ல ஆகிருதி, கையில் ஒரு பெட்டி நிறைய பளபளவென்று ஸ்பானர்கள். விஜயதாஸ் அந்தப் பெட்டியையே பார்த்தார்.

ஜெயச்சந்திரன் வேலை தெரிந்தவர்தான். பல்சக்கரங்களைத் தடவிப் பார்த்தார், எஞ்சின் விரிசலை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு முதல் வண்டியின் செயினைச் சுண்டினார். அது தொட்டில் கயிறு போல ஆடியது. இரண்டாவதைச் சுண்டினார். அதுவும் அப்படியே.

"சாரே, இது வல்லாத லூஸாணு" என்றார் அனந்தகிருஷ்ணனிடம். "இப்பிடி ஓட்டினா செயின் பல்லை விட்டுச் சாடும். எல்லாத்தையும் டைட் பண்ணணும்." பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார்.

அனந்தகிருஷ்ணன் விஜயதாஸைப் பார்த்தார். விஜயதாஸுக்கு வாய் வரவில்லை. பளபளக்கிற பெட்டிகளுக்கு முன்னால் எப்போதுமே அவருக்கு வாய் வராது. "அது வந்து, சார்..." என்று ஆரம்பித்து நின்றார்.

ஸ்பானர் போல்ட்டில் பொருந்தியது.

"சாரே, முறுக்கதுக்கு முன்ன ஒண்ணு அதுல ஏறி இரிங்க" என்றாள் புஷ்பபாய்.

ஜெயச்சந்திரன் நிமிர்ந்தார். "எந்தினா சேச்சி?"

"உங்கள மாதிரி ஆளு ஏறித்தானே ஓடும். சும்மா நிக்குத வண்டிக்குச் செயினு எதுக்கு?"

அவர் தன் பேண்ட்டைப் பார்த்தார், ஈரமாக இருந்த சீட்டைப் பார்த்தார். ஜித்தின் தன் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டான். ஜெயச்சந்திரன் ஏறி உட்கார்ந்தார். புஷ்பபாய் அனந்தகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் பின்னால ஏறணும். ரெண்டு பேருக்குள்ள வண்டியாக்கும்."

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறினார். வலைக்காரர்கள் இப்போது வேலையை முழுக்க விட்டுவிட்டார்கள். புஷ்பபாய் மண்டியிட்டு டேப்பை வைத்தாள்.

"எத்தன?" என்று குனிந்தார் ஜெயச்சந்திரன். குனிந்ததில் வண்டி சாய்ந்தது.

"ஆடாதீங்க. மேல இருந்தா தெரியாது சாரே. நான் ஆறு வருஷம் இருந்து பாத்தவளாக்கும்." செயினை இழுத்தும் தள்ளியும் இரண்டு இடத்தில் விரல் வைக்க, ஜித்தின் போனில் இரண்டு படம் எடுத்தான். எடுத்ததை மேலே நீட்டினான். இருவரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

முப்பது.

ஜெயச்சந்திரன் படத்தைப் பெரிதாக்கி இன்னொருமுறை பார்த்தார். இறங்கினார். செயின் மறுபடி தொங்கியதைப் பார்த்தார். தானாகவே மறுபடி ஏறி உட்கார்ந்து, முதலாளியையும் உட்காரச் சொல்லி, ஜித்தினைச் செயினைத் தொடச் சொன்னார். அப்புறம் இறங்கி ஸ்பானரைப் பெட்டியில் வைத்தார்.

"எங்க ஷெட்டில எல்லா வண்டியும் ஸ்டாண்டில தூக்கி வச்சு, ஆளு ஏறாம நோக்கறது" என்றார். "ஞான் டைட் செய்திருந்தா இன்னைக்கு மதியத்துக்குள்ள ரெண்டு அறுந்திருக்கும். இது யாரு செட் பண்ணினது? ஆசானா?"

"நான் மேலதான் இருந்தேன்" என்றார் விஜயதாஸ். இதற்கு மட்டும் அவருக்கு வாய் வந்தது. "இவளாக்கும்."

ஜெயச்சந்திரன் அவள் முழங்கையில் போகாமல் நின்ற கிரீஸ் கறையைப் பார்த்தார். மற்ற நான்கு வண்டிகளையும் அவர் சோதிக்கவில்லை. காருக்குப் போகிற வழியில் அனந்தகிருஷ்ணனிடம் அவர் சொன்னது காற்றில் கேட்டது. "சாரே, எங்களுக்கு இதில செய்ய ஒண்ணும் இல்ல. போக வர எழுபது கிலோமீட்டர் வண்டியைத் தூக்கிட்டு அலையறது உங்களுக்கு நஷ்டம்."

அனந்தகிருஷ்ணன் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "அப்ப வியாழக்கிழமை வண்டி வரும் ஆசானே. நீங்க ரெண்டு பேரும் இருக்கணும்."

"வெயிட்டுக்கு ஆளு?" என்று கேட்டார் விஜயதாஸ்.

"ஜித்தினை அனுப்பறேன். அவன் குறையமாட்டான்."

"சார், அப்பிடிச் சொல்லாதீங்க" என்றான் ஜித்தின்.

ஓணத்தின் பத்து நாளும் கூட்டம் ஓடியது. ஐந்தாம் நாள் ஒரு வண்டியின் பிரேக் ஒயர் போயிற்று. அதை ஜித்தினே மாட்டிவிட்டான். செயின்கள் ஆறும் நின்றன.

சோதனை நடந்த அந்தச் சனிக்கிழமை, கடற்கரையில் மிச்ச வேலைகளும் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. விஜயதாஸ் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்த ஸ்கூட்டருக்கு மைலேஜ் கூடியிருக்கு, கேட்டியா. நாலஞ்சு மாசமா."

புஷ்பபாய் பின்னாலிருந்து எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கார்பரேட்டர் கழுவினதுனாலயாக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

ரயில் போயிற்று. கேட் ஏறியது. முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, பின்னால் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான்.

"வண்டிய எடுங்க" என்றாள் புஷ்பபாய். "பாலுக்கு ஆளு வந்து நிப்பாவ."